வெள்ளி மையில் முதல் எழுத்து

பூல்மணியின் ஊருக்கு செல்போன் டவர் வந்துவிட்டது. கம்பெனி பஸ் பள்ளிகொண்டாவை விட்டுக் கிளம்புவதற்குள் இந்தச் செய்தி கடைசி சீட்டுவரை போய்ச் சேர்ந்தது. பரப்பியவள் ஜாஸ்மின். பூல்மணியைவிட அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

இருவரும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அடுத்தடுத்த தையல் மிஷினில் உட்காருகிறவர்கள். பூல்மணி ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். அவளுடைய தாய்மொழி சந்தாலி. அறையில் கூட இருக்கும் பெண்கள் ஒடியா பேசுகிறவர்கள். கணவன் இறந்த பிறகு, ஏழு வயது மகள் சுமியைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டுப் போன மழைக்காலத்தில் இங்கே வந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது சொல்லாமல் கிளம்பியதுதான் தப்பாகப் போயிற்று. தம்பி சந்தைக்கு வரும்போது சுமியையும் அழைத்து வந்து போன் போடுவான். போனைக் காதில் வைத்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் இங்கே கேட்கும்.

இன்றைக்கு முதல்முறையாக, ஜாஸ்மினின் போனில், மகளின் முகத்தை வீடியோவில் பார்க்கப் போகிறாள்.

"மூஞ்சி பாத்தும் பேசலேன்னா நான் போய்டுவேன் அக்கா. சனிக்கிழமை காட்பாடியில ரயில். வேலை வேணாம்," என்றாள் பூல்மணி.

ஜாஸ்மின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் பூல்மணிக்கு இருப்பது செங்கல் சூளை வேலை. அவள் திரும்பிப் போனால் சுமியும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மா பின்னால் சூளைக்குத்தான் போகவேண்டும்.

"அதெல்லாம் பேசுவா. நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன், பாரு."

முன்தினம் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் ஜாஸ்மின் போனில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, மொழிகளின் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போயிருந்தாள். பெயரே கேட்டிராத மொழிகளுக்கு நடுவில் சந்தாலி இருந்தது. தன் சொந்தக்காரர் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்தமாதிரி அவளுக்கு சந்தோஷம். உடனே தமிழில் மூன்று வரி அடித்தாள். வட்டமும் கொக்கியுமாக அழகழகான எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

இப்போது அந்தத் திரையைப் பூல்மணியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "உன் பாஷை. படி."

பூல்மணி போனை வாங்கி, திருப்பி, மறுபடியும் நேராக்கிப் பார்த்தாள். "இது எங்க எழுத்துதான் அக்கா. எனக்குப் படிக்கத் தெரியாது. நான் ஸ்கூல் போனதே ரெண்டு வருசம், அதுவும் இந்திதான்."

முன்சீட்டிலிருந்த அலீனா திரும்பிச் சிரித்தாள். "எங்க வீட்லயும் அதே கதைதான். பேசறது உருது, கடை போர்டு படிக்கிறது தமிழ். உனக்கு இன்னா ஜாஸ்மின் அக்கா, பேசறவங்க எல்லாம் படிப்பாங்கன்னு நெனச்சிட்டே."

ஜாஸ்மின் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளுக்குத் தமிழைப் பேசுவதும் படிப்பதும் ஒன்றாகவே வந்திருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆண்டவரே, உமக்கு எந்தப் பாஷைக்கும் செயலி தேவையில்லை, சுமியின் வாயைத் திறந்துவிடும் என்று மனசுக்குள் சொன்னாள்.

வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. காலையில் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் டோக்கனைக் காட்டினால் வாட்ச்மேன் கோவிந்தசாமி எடுத்துத் தருவார். அன்று சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கேட்டுக்கு ஓடியவர்கள் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். ஜாஸ்மினின் போன் தயாராக மேலேயே இருந்தது.

"காலையிலேயே பஸ்காரன் சொன்னான். சார்ஜ் கம்மியா இருந்துது, போட்டு வெச்சேன்," என்றார் கோவிந்தசாமி.

கேட்டோரத்து வேப்பமரத்தடியில் பூல்மணி தலையிலிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றி, முடியைக் கையாலேயே கோதிக்கொண்டாள். போன் அடித்தது. முதலில் வானம் தெரிந்தது, பிறகு தம்பியின் மூக்கு, பிறகு ஒரு மண்சுவர். சுவரோரம் நீலச் சட்டையில் சுமி.

"வளந்துட்டா," என்றாள் பூல்மணி. தமிழில்தான் சொன்னாள். அதற்குப் பிறகு சந்தாலியில் என்னென்னவோ சொன்னாள், கெஞ்சினாள், சிரித்துக் காட்டினாள். சுமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னல் மட்டும் தெரிந்தது.

பூல்மணியின் குரல் தேய்ந்தது. "போதும் அக்கா. கட் பண்ணிடு."

ஜாஸ்மின் கட் பண்ண விரலைக் கொண்டுபோனாள். அப்போதுதான் சுவரைக் கவனித்தாள். சுமியின் தோளுக்கு மேலே சாக்கட்டியால் கிறுக்கியிருந்தது. வட்டம், கொக்கி, மறுபடியும் வட்டம்.

"ஏ அலீனா, அந்தச் சுவத்தைப் பாரு. இந்த எழுத்து எங்கிட்ட இருக்குது. பூல்மணி, அதை எழுதுனது யாருன்னு கேளு, சீக்கிரம்."

பூல்மணி கேட்டாள். தம்பி பெருமையாகப் பதில் சொன்னான். அதை அவள் இந்தியில் அலீனாவுக்குச் சொல்ல, அலீனா தமிழில் எல்லோருக்கும் சொன்னாள். "சுமிதான் எழுதினாளாம். இப்ப ஸ்கூல்ல அவங்க எழுத்தே கத்துத் தராங்களாம்."

ஜாஸ்மின் வீடியோவைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினாள். மூன்று வரியையும் தேடி எடுத்து அந்த நம்பருக்கு அனுப்பினாள். அங்கே போன் டிங்கென்றது. தம்பி பார்த்தான், விழித்தான், அவனும் இந்தியில் படித்தவன்தான். போனை மருமகளிடம் நீட்டினான்.

சுமி ஓரக்கண்ணால் பார்த்தாள். எழுத்தைக் கண்ட பிள்ளைக்குப் படிக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு மகளின் குரல் வேப்பமரத்தடியில் கேட்டது. பூல்மணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'உன் அம்மா உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் மிஷின் ஓட்டுகிறாள். சொல்லாமல் வந்ததை நினைத்து அழுகிறாள். உனக்காகத்தான் இங்கே இருக்கிறாள்.' இதைத்தான் ஜாஸ்மின் எழுதியிருந்தாள்.

கடைசி வரியில் சுமி நின்றாள். பிறகு அவளுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சிரிக்குது?" என்றார் கோவிந்தசாமி.

"யாரோ ஆபீசர் பேசற மாதிரி இருக்குதாம்," என்றாள், பூல்மணியிடம் இந்தியில் கேட்டுக்கொண்ட அலீனா. "எங்க ஊர்ல இப்படி யாரும் பேச மாட்டாங்கன்றா."

"போன் எழுதினா அப்படித்தான் இருக்கும். நல்லா பேசத் தெரிஞ்ச நீதான் பேசணும்னு சொல்லு," என்றாள் ஜாஸ்மின்.

அது போய்ச் சேருவதற்குள் சுமி போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தாள். "ஆயோ," என்று கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவர்கள் மொழியில் அது அம்மா. பூல்மணி பதிலுக்குத் தலையை ஆட்டினாள், அழுதாள், தையல் மிஷினை மிதிப்பதுபோல் காலை ஆட்டிக் காட்டி, "சுமி, சுமி, சுமி" என்றாள்.

"உண்மையாவே என் பேரைச் சொல்றியான்னு கேக்குது," என்று, தம்பி இந்தியில் சொன்னதை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள் அலீனா.

மணி அடித்தது. கோவிந்தசாமி பெட்டியைத் திறந்து, மற்றவர்களின் போன்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து உள்ளே வைக்க ஆரம்பித்தார். என்றைக்கும் அவர் போனைத் துடைத்ததில்லை.

அந்த நேரத்துக்குள் சுமி சாக்கட்டியை எடுத்துச் சுவரில் ஒரு எழுத்தைப் பெரிதாகப் போட்டு, அம்மாவைப் பார்த்து அதட்டினாள். எழுதிக் காட்டச் சொல்கிறாள் என்பதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பூல்மணி காகிதம் தேடினாள். இல்லை. ஏப்ரன் பையில் தோலில் கோடு போடும் வெள்ளிப் பேனாவும் ஒரு கறுப்புத் தோல் துண்டும் இருந்தன. முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த எழுத்தைப் போட்டுத் தூக்கிக் காட்டினாள். சுமி தலையைச் சாய்த்துப் பார்த்து, கோணல் என்பதுபோல் கையை வளைத்துக் காட்டினாள். நாளைக்கு அடுத்த எழுத்து என்றாள்.

லைனுக்குத் திரும்பியதும் பூல்மணி அந்தத் தோல் துண்டை மிஷின் தலையில் ஒட்டிவைத்தாள்.

"சனிக்கிழமை ரயிலு?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"நாளைக்கு ரெண்டாவது எழுத்து இருக்குது அக்கா," என்று சொல்லிவிட்டுப் பூல்மணி மிஷினை மிதித்தாள். அந்த இரைச்சலுக்குள் மகளின் பெயர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கேட்டது.