ஒன்றரை மணி நேரம்

“நம்ம நடராசன் இருக்கற ஊரு இங்கேர்ந்து எம்மாந்தூரம்மா?”

போன வருஷம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே அப்பா கேட்டார். அம்சா எட்டாவதோடு பள்ளியை விட்டு நின்றவள். ஆனால் அட்லஸை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். துபாய்க்கும் பம்பாய்க்கும் நடுவே நூல் பிடித்து அளந்தாள்.

“ஆயிரத்து இருநூறு மைலுப்பா. ஏரோபிளேன்ல மூணு மணி நேரம்.”

“அட, விழுப்புரத்துலேர்ந்து மெட்ராஸ் போறதே அவ்ளோ நேரம் ஆவுதே! அப்ப பக்கத்துலதான் இருக்கான்னு சொல்லு.”

அன்றிலிருந்து வாசலில் கார் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

இப்போது அதே வாசலில், பெஞ்சில் வைத்த ஐஸ் பாளத்தின் மேல் கிடந்தார். உயிர் போனது நேற்று விடியற்காலை. தந்தி கண்ட அண்ணன் நடராசன் திண்டிவனத்து உரக்கடைக்கு டெலிபோன் செய்திருந்தான்: காலை ஏழு மணி விமானம், நான் வராமல் எடுக்காதீர்கள்.

“எப்ப வந்து சேருவான், கணக்குப்புள்ள?” என்று பெரியப்பா அப்பாதுரை காலையில் அவளைத்தான் கேட்டார். பம்பாய்க்கு மூன்று, அங்கே காத்திருப்பு இரண்டு, மெட்ராஸுக்கு இரண்டு, டாக்சிக்கு மூன்று என்று கூட்டி, “அஞ்சு மணிக்கு” என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பி ஊரே உட்கார்ந்திருந்தது. பொழுது சாய்ந்தபின் அவர்களிடம் பிணம் எடுக்கும் வழக்கமில்லை. இன்னொரு நாள் உடம்பு தாங்காது.

மணி ஐந்தேகால்.

“பிளேனு பஞ்சர் ஆயிடுச்சோ என்னமோ,” என்றான் பெரியப்பா மகன் சீனுவாசன். யாரோ சிரித்து, சட்டென நிறுத்திக்கொண்டார்கள்.

“வாயை மூடுடா. ரெண்டாவது பாளமும் கரைஞ்சிகினு இருக்குது,” என்றார் பெரியப்பா. “வீரம்மா, இன்னும் எத்தினி நேரம் பாக்கறது?”

“எம்புள்ள வராம எடுத்தீங்கன்னா என்னையும் சேத்து எடுங்க!” என்று அம்மா பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அம்சா உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்திருந்த நோட்டைப் புரட்டினாள். அண்ணன் கடிதத்திலிருந்து அவளே எடுத்தெழுதிய வரி: இங்கே ஏழு மணி என்றால் அங்கே எட்டரை.

கூட்டும்போது அதைச் சேர்க்கவில்லை. ஐந்து இல்லை, ஆறரை. எல்லாம் சரியாக நடந்தால்கூட.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாசலில் தண்ணீர் சொட்டும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

வெளியே வந்தாள். ஆண்கள் நடுவே அவள் வாய் திறந்ததே இல்லை.

“பெரியப்பா.” யாரும் திரும்பவில்லை. “பெரியப்பா! நான் தப்பா கூட்டிட்டேன். அந்த ஊரு கடியாரம் ஒண்ணரை மணி பின்னாடி ஓடுது. அண்ணன் பொழுதுக்குள்ள வரமாட்டாரு.”

அம்மா தலை நிமிர்ந்தாள். “உன்ன எவடி கணக்குப் பாக்கச் சொன்னது?”

பெரியப்பா மேற்கே ஒருமுறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சீனு, கொள்ளிச்சட்டியை நீ எட்றா. ஜல்தி.”

அம்மாவின் விரல்களைப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள்.

டாக்சி வந்தபோது மணி ஏழு. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெஞ்சு சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. நடராசன் பெட்டியோடு இறங்கி, ஈரத்தைப் பார்த்து நின்றான். பிறகு விளக்கு வெளிச்சத்தில் மணிக்கட்டைத் திருப்பினான். அம்சாவும் பார்த்தாள். அந்தக் கடிகாரத்தில் இன்னும் ஐந்தரைதான் ஆகியிருந்தது.

“அண்ணா…”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். ஷூக்களைக் கழற்றி அதன் பக்கத்தில் சேர்த்து வைத்தான். தெருவில் பூ சிதறிக் கிடந்த வழியே நடந்து போனான்.