சோறு வைத்த மயில்

சங்கரன்கோவிலில் எப்சிபாவுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது ஒரு மயில்தான். அம்மா போனபிறகு வாசுதேவநல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, செண்பகவல்லி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். காலையில் கைப்பிடிச் சுவரில் மயில் வந்து உட்காரும். ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, நேற்று யார் யார் என்ன சொன்னார்கள் என்று அதனிடம் ஒப்பிப்பாள். மயில் என்ன, போதும் நிறுத்து என்றா சொல்லும்?

வேலை, காய்கறி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில். தோட்டத்தில் மேயும் மயில், காட்டுப்பன்றி இவற்றின் கழிவில் சால்மோனெல்லா இருக்கிறதா என்று பார்ப்பாள். சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போய் ஆளைப் பாடாய்ப்படுத்தும் கிருமி அது. அதைக் கிருமி வளர்க்கும் சிவப்புத் தட்டில் பூசிச் சூட்டுப்பெட்டியில் வைத்தால், கிருமி இருக்கும் தட்டில் கறுப்புப் புள்ளிகள் முளைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான எச்சம் ஒன்று வேண்டியிருந்தது. யோசிக்காமல் மாடி மயிலினுடையதை எடுத்துப் போனாள். தன் கையால் சோறு தின்கிற பிள்ளை, அதற்கு என்ன கேடு! படித்த படிப்பெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

தோட்டத்துத் தட்டுகள் எல்லாம் சுத்தம். மாடித் தட்டில்தான் கறுப்புப் புள்ளிகள். எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு மறுபடி செய்தாள். அதே கறுப்பு.

அந்த மாடியில்தான் செண்பகவல்லி கூழ்வற்றல் காயப்போடுவாள். பொரித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் அவள் மகள் பாதி காய்ந்த வற்றலையே பிய்த்துத் தின்பாள். போன மாதம் அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சொல்லாவிட்டால் மயில் இருக்கும், சொன்னால் போய்விடும். மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள்.

"யக்கா, அந்த மயில் எச்சத்துல கிருமி இருக்கு. வத்தலத் தூரப் போட்டுருங்க. நாந்தான் சோறு வச்சுப் பழக்கிட்டேன்."

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏட்டி, வத்தல்மேல அது எச்சம் போடுதது எனக்குத் தெரியாதா? எப்பவோ விரட்டிருப்பேன். நீ ஒத்தையில அதுகிட்ட பேசுதது கீழ கேக்கும். அதான் ஒண்ணும் சொல்லாம தொடச்சுட்டுக் காயப்போட்டேன்."

எப்சிபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேல் பட்ட இரக்கத்துக்கு அந்தச் சின்னக் குழந்தை அல்லவா ஊசி குத்திக்கொண்டு கிடந்திருக்கிறது.

மறுநாள் செண்பகவல்லியின் கணவர் மாடியைச் சுற்றி வலை கட்டினார். அடுத்த காலை மயில் வந்தது. வலைக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. எப்சிபா கதவுக்குப் பின்னால் நின்றாள். குரல் கேட்டால் நாளைக்கும் வரும். அது பறந்து போகும்வரை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.