சின்னவள் மசாலுக்கு மார்க் குறைந்த கதை

பெரிய மருமகளுக்குச் சின்ன மருமகளைக் கண்டாலே ஆகாது. சின்னவள் சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் திமிர். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே பசு சுரந்துவிடுகிறதே, அதைப் பார்க்கும்போதுதான் பெரியவளுக்கு வயிறு பற்றி எரியும்.

மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்தக் குளிர்காலம் போகட்டும். யார் பசு நல்லா கறக்குதோ, அவ கையில தொழுவம் மொத்தத்தையும் கொடுத்துடறேன். இன்னொருத்தி அவ சொல்றதைக் கேட்டு நடக்கணும்."

சின்னவள் சொல்லி நான் கேட்பதா? அன்றைக்கே பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆளுக்குப் பாதித் தொழுவம், ஆளுக்குப் பாதி வயல். மாட்டுத் தீவனத்துக்கான குதிரைமசாலை அறுத்துக் காயவைத்து, கட்டுக்கட்டாக அவரவர் கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். மசாலில் சத்தெல்லாம் இலையில்தான். சின்னவள் பனி ஈரத்திலேயே புரட்டிப்போட்டதால் அவள் கட்டுகளில் இலை நின்றது. பெரியவள் நிதானமாகக் காபி குடித்துவிட்டு உச்சிவெயிலில் போய்ப் புரட்டினாள். பாதி இலை வயலிலேயே உதிர்ந்தது. இதற்கும் சின்னவளைத்தான் திட்டினாள்.

மாட்டு டாக்டர் வந்தார். நீளமான இரும்புக் குழாயைக் கட்டுகளுக்குள் திருகி இறக்கி, உள்ளிருந்து மாதிரி எடுத்து இரண்டு கவர்களில் போட்டுப் பெயர் எழுதினார். "லேப்ல கொடுத்தா எவ்வளவு சத்துன்னு சொல்லிடுவாங்க. யாராவது கொண்டு போறீங்களா?"

"நான் போறேன்" என்றாள் பெரியவள். தண்ணீர்க் குடத்தைக்கூட இன்னொருத்தியைத் தூக்கச் சொல்கிறவள்!

லேப் சுவரோரம் யாரும் இல்லை. பெரியவள் சின்னவளுடைய கவரைத் திறந்தாள். பச்சை வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனைக்கே அவளுக்குக் கோபம் வந்தது. கவரைக் கவிழ்த்து, தண்டை விரலால் மறித்துக்கொண்டு, இலைத்தூளை மட்டும் தன் கவருக்குள் தட்டிக் கொட்டினாள். இரண்டையும் ஒட்டி உள்ளே கொடுத்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

ரிசல்ட்டோடு டாக்டர் வந்தார். "பெரியவங்க மசால் பரவாயில்லை. சின்னவங்க மசால்ல ஒண்ணுமே இல்லையே! வெறும் தண்டு."

பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சின்னவள் முகம் சுண்டிப்போனதை ஆசைதீரப் பார்த்தாள்.

டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. "அதனால சின்னவங்க பசுவுக்கு புண்ணாக்கு, தவிடுன்னு அடர்தீவனம் ரெண்டு மடங்கு போடுங்க. பெரியவங்களுக்கு இப்ப போடறதே போதும்."

பெரியவள் அதைப் பரீட்சை என்று நினைத்திருந்தாள். மருந்துச்சீட்டு என்று தெரியவில்லை. கவரைத் தொடாமல் விட்டிருந்தால், கூடுதல் தீவனம் இவள் பசுக்களுக்கு வந்திருக்கும். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்ல மசாலும் இரட்டைத் தீவனமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? சின்னவள் பசுக்கள் வாளி வாளியாகக் கறந்தன. பெரியவள் திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி நடமாடினாள். பொறுக்கமாட்டாமல் டாக்டரிடமே கேட்டாள்: "இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்தா என்ன?"

"எதுக்கும்மா? அதான் நல்லா கறக்குதே!"

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தொழுவம் போகும். மானத்தை வைத்துக்கொண்டாள்.

குளிர் விட்டதும் மாமியார் தொழுவத்தைச் சின்னவளிடம் ஒப்படைத்தாள். சின்னவள் நேராக வந்து பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வேறு.

"அக்கா, எல்லாம் உங்க கைராசி. நீங்க கொண்டுபோய்க் கொடுத்ததுலதான் என் பசுங்களுக்கு விடிவு வந்துச்சு. அடுத்த அறுப்புக்கும் நீங்களேதான் லேபுக்குப் போகணும், சரியா?"

பொறுப்பேற்றபின் அவள் சொன்ன முதல் வேலை அது. பெரியவள் "சரி" என்றாள்.