ஒரு கைப்பிடி கொசுறு

சுத்தமான தண்ணீரின் விலை, புனேயின் ஏரவாடாவில், டேங்கருக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். மராத்தியில் பேரம் பேசினால் ஆயிரத்து நூறு. எதுவும் பேசாமல் டேங்கர்காரரை முறைத்துக்கொண்டே நின்றால் ஆயிரம். நான் பம்புசெட் வியாபாரி, எனக்கு முறைக்கத் தெரியும். சலவைக்கடை கோதைக்குத் தெரியாது. முழு விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கோதை எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். கோர்படியில் ஒரு ராணுவ மெஸ்ஸுக்கு மேசை விரிப்புகள் வெளுத்துக் கொடுக்கிறாள். அவள் கடை போர்வெல்லில் மூன்று மாதமாக மஞ்சள் தண்ணீர். டேங்கரில் துவைத்தால் வெள்ளை வந்தது, லாபம் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்பது, இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று முடிவு செய்திருந்தாள்.

மஞ்சளின் மூலத்தைத் தேட, பாணேரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள் பானு. நிலத்தடி நீர் ஆய்வாளர். புனேயிலேயே பிறந்தவள், தமிழை அளந்து அளந்துதான் பேசுவாள். தெருக்கோடியில் பன்னிரண்டு வருடமாக மூடிக்கிடக்கும் கல்குவாரியின் மேல் அவளுக்குச் சந்தேகம். பள்ளம் முழுக்கத் தண்ணீர்; அதற்குள் எவனோ முலாம் பட்டறைக் கழிவை டிரம் டிரம்மாக உருட்டிவிட்டிருந்தான். ஆனால் சுற்றியுள்ள ஒன்பது போர்வெல்களில் கோதையுடையது மட்டும் ஏன் மஞ்சள்?

"குவாரியில சாயம் போட்டு, எந்த போருக்கு வருதுன்னு பார்க்கணும் அங்கிள். இருநூறு கிராம். கண்ணுக்குத் தெரியாது, மிஷினுக்கு மட்டும் தெரியும்."

செங்கல் நிறப் பொடி; அளவு மிஞ்சினால் தண்ணீரில் பச்சை. அவள் நிறுத்துப் பொட்டலமாக்கிவிட்டுப் போனில் யாரிடமோ மராத்தியில் வாதாடப் போனாள். பொட்டலத்தைப் பள்ளத்தில் கொட்டும் வேலை எனக்கு. கொட்டினேன். டப்பாவில் மீதிப் பொடி இருந்தது. எங்கள் கடைவீதியில் தராசு முள் நேராக நின்றால் அது வியாபாரம் இல்லை. மேலே ஒரு பிடி விழவேண்டும். என் கை என்னைக் கேட்கவில்லை.

"டப்பா ஏன் லைட்டா இருக்கு அங்கிள்?"

"காத்து அடிச்சுதும்மா."

குவாரித் தண்ணீர் கிளிப்பச்சையாகிக் கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் விரல்களைப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் டேங்கர் வரவில்லை. வேறு வழியில்லாமல் கோதை போர்த் தண்ணீரிலேயே விரிப்புகளை ஊறவைத்தாள். அரை மணி நேரத்தில் எனக்குப் போன்.

"அண்ணாச்சி, ஒன்பது விரிப்பும் பச்சை. மெஸ் சுபேதாருக்கு நான் என்ன சொல்ல, வாழை இலை விரிச்சிருக்கோம்னா?"

பானு வந்து எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள். மற்ற எட்டும் கண்ணாடிபோல ஓடின. "மிஷினே வேண்டாம்போல," என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, கோதையின் போரில் மோட்டாரைத் தூக்கச் சொன்னாள். வயரில் கட்டிய காமிராவை உள்ளே இறக்கினாள். மூவரும் அவள் போன் திரையில் குனிந்தோம். இருபதாவது அடியில் குழாய் முடிந்தது. அதற்குக் கீழே வெறும் பாறை. ஒரு வெடிப்பிலிருந்து பச்சை நீர் சாவகாசமாக வடிந்துகொண்டிருந்தது.

"மேல வெடிப்பு இருக்கு, அதனால இங்க அறுபது அடி கேசிங் குழாய் வேணும். இருபதுதான் இருக்கு. குவாரித் தண்ணி நேரா உள்ள வருது. இந்த போர் யாரு போட்டது?"

கோதை என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நான் போட்டுக்கொடுத்த போர்தான் அது. கோதை விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் நின்றாள். ஒரு அடிக்கு இவ்வளவு என்ற விலையைக் குறைப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். "பாறை வந்தாச்சு, இருபது அடி போதும்" என்று சொல்லி, அவள் கேட்ட தொகைக்கே பில் போட்டேன். கூடவே நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று கொசுறு.

"விலையைத்தான குறைக்கச் சொன்னேன்," என்றாள் கோதை. "குழாயையா குறைக்கச் சொன்னேன்?"

"வாளி சும்மா கொடுத்தேன்லா?"

"அதுலதான் இப்ப விரிப்பு ஊறுது."

நான் பேரத்தைத் தொடங்கினேன். "சரி. குழாய் என் செலவு, கூலி உன் செலவு."

அவள் பேசவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கூலியும் என் செலவு."

கண் இமைக்கவில்லை.

"வேலை முடியறவரைக்கும் டேங்கரும் நானே அனுப்புதேன்."

அப்போதுதான் புரிந்தது, அவளுக்கும் முறைக்கத் தெரியும். டேங்கர்காரர்களிடம் அதை வீணாக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறரை இஞ்சுத் துளைக்குள் ஐந்து இஞ்சுக் குழாயை அறுபது அடிக்கு இறக்கி, சுற்றிலும் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்தோம். குவாரியிலிருந்து பானுவின் ஆட்கள் பதினோரு டிரம்களை மேலே ஏற்றினார்கள். பள்ளத்து நீரைத் தொட்டிகளுக்கு இறைத்து, இரும்பு உப்பு கலந்து, மஞ்சளை மண்டியாகப் படியவைத்து அப்புறப்படுத்துகிறார்கள். பாதிப் பள்ளம் சுத்தமாகியிருக்கிறது. கோதையின் தண்ணீர் மூன்றாவது வாரம் வெளுத்தது. பானு செய்த இரண்டு சோதனையிலும் தேறிவிட்டது. கடைக்குப் பூட்டு வாங்கவில்லை.

அவள் பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி என் கையில் கொடுத்தாள். குழாய்: விற்றது இருபது அடி, வேண்டியது அறுபது, வந்து சேர்ந்தது. டேங்கர்: பதினாறு, வந்து சேர்ந்தது. வாளி: திருப்பித் தரப்பட்டது. மேசை விரிப்பு: பச்சையானது ஒன்பது, வெளுத்தது எட்டு, அண்ணாச்சி தரவேண்டியது ஒன்று.