அனுப்பப்பட்டது: மதியம் 2.12

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் அக்கா சொன்னது. பாத்திரம் துலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்லி முடித்தாள். முடித்ததும், "இதைக் கதையா எழுதிடுடி. கதைன்னா யாரும் நம்பமாட்டாங்க" என்றாள். கதை எழுதுகிற தங்கையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தக் கூரியர் அலுவலகத்தில் ஒரு பார்சல் காணாமல் போனபோது, அதற்குக் காரணமானவள்

இதை விட்டுவிட்டேன். அக்கா வேலை செய்வது ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கம்ப்யூட்டர் பிரிவில். போனது பார்சலும் அல்ல. யாரும் சாகாத கதையாக மாற்றினால் எல்லோருக்கும் நிம்மதி, முக்கியமாக எனக்கு. ஆனால் பார்சலுக்காக ஒருத்தி மூன்று வாரம் சாப்பிடாமல் கிடக்கமாட்டாள்.

இரண்டாவது தொடக்கம்: "மெஷின் பழுதான அந்த மதியத்தில்," இதை அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"மெஷின் எங்கடி பழுதாச்சு? அது சொன்னதைத்தான் செஞ்சுது."

"யாரு சொன்னதை?"

"என்னையே சொல்ல வைக்கறியா?" என்று உள்ளே போய்விட்டாள்.

3

மூன்றாவது தடவை தொடங்குவதற்குமுன் ஒரு சங்கதியை விளக்கியாக வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதப் போனேன். ஆனால் தெரிந்தவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும் என்பதால் அவர்களும் படிப்பது நல்லது.

அக்காவின் திரையில் படங்களோ பொத்தான்களோ கிடையாது. ஒரு கறுப்பு விண்டோ, அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த விண்டோவுக்குள் ஒரு பெயரை வைத்து அதற்கு ஒரு மதிப்பைக் கொடுக்கலாம். பாடப்புத்தகத்தில் இதைச் சூழல் மாறி என்பார்கள், அக்காவின் அலுவலகத்தில் வேரியபிள். அந்த விண்டோவிலிருந்து எந்தப் புரோகிராமைக் கிளப்பினாலும், அது அந்த மதிப்பின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டு போகும். கடைக்குப் போகிறவர் கையில் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல. பிறகு வீட்டில் மனசு மாறினாலும் போனவர் கையிலிருக்கும் சீட்டு மாறாது. விண்டோவை மூடினால் அதிலிருந்த மதிப்பு போய்விடும். இப்படித் தட்டச்சு செய்து கொடுத்தது வேறெங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது.

அக்காவின் வேரியபிளுக்கு 'யாருக்கு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.* ஒரு நோயாளியின் ரத்த முடிவு ஆபத்தான அளவில் வந்தால், எச்சரிக்கைப் புரோகிராம் 'யாருக்கு' என்று பார்க்கும். அதில் 'வார்டு' என்றிருந்தால் அந்த மாடியின் நர்ஸ் மேசையில் உள்ள போன் அடிக்கும். 'சோதனை' என்றிருந்தால் எந்தப் போனும் அடிக்காது, செய்தி அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பில் போய் விழும். புது மாற்றங்களைச் சோதிக்கும்போது நர்ஸ்களைப் பொய் மணியால் பதற வைக்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

(* உண்மையான பெயர் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. அதை மட்டும் எழுதாதே என்றாள். இவ்வளவும் எழுதிய பிறகு அதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். ஆனாலும் எழுதவில்லை.)

4

அன்று மதியம் ஒரு மணிக்கு அவள் தன் கறுப்பு விண்டோவில் 'யாருக்கு' என்பதைச் 'சோதனை' ஆக்கினாள். எச்சரிக்கைப் புரோகிராமின் தனி நகல் ஒன்றை அதிலிருந்து கிளப்பி, பொய் நோயாளிகளைத் தயாரித்தாள்; வார்டுகளுக்கான அசல் புரோகிராம் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பூனை ஒன்று, பூனை இரண்டு, பூனை மூன்று என்று பெயர். பூனை மூன்றுக்குச் சர்க்கரையை எக்கச்சக்கமாக ஏற்றிவிட்டு, செய்தி கோப்பில் சரியாக விழுகிறதா என்று பார்த்தாள். விழுந்தது.

ஒன்றே முக்காலுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோது பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன் போன் செய்தார்.

"மேடம், அலர்ட் ஒண்ணும் போகமாட்டேங்குது. புரோகிராம் ஹேங் ஆயிடுச்சு போல. ஒரு ரீஸ்டார்ட் போட்டு விடுங்களேன்."

"இதோ, ஒரே நிமிஷம்."

நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்ப இரண்டே கட்டளைகள். ஒரு கையில் ஸ்பூன் இருந்ததால் இன்னொரு கையாலேயே தட்டினாள். கண்முன் திறந்திருந்த விண்டோவிலேயே தட்டினாள். ரீஸ்டார்ட் செய்வதற்குப் புது விண்டோ திறக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். புது விண்டோ திறக்க மூன்று விநாடி ஆகும்.

புரோகிராம் 'சோதனை' என்ற சீட்டோடு கிளம்பிப் போயிற்று. "ஓடுது மேடம், தேங்க்ஸ்" என்றார் டெக்னீஷியன்.

2.12க்கு மூன்றாம் மாடியில் படுத்திருந்த ஒருவரின் ரத்த முடிவு வந்தது. வயது நாற்பத்தெட்டு. பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் அளவில் இருந்தது. உடனே பார்த்திருந்தால் ஊசியும் மருந்தும் போட்டு இறக்கியிருக்கலாம். புரோகிராம் தன் சீட்டைப் பார்த்தது, செய்தியைக் கோப்பில் போட்டது, பதிவேட்டில் ஒரு வரி எழுதியது: அனுப்பப்பட்டது, 2.12. யாருக்கு என்று அந்தப் பதிவேட்டில் எழுதுவதில்லை. அதற்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

ஐந்து மணிக்கு, தினமும் செய்வதுபோல் சோதனைக் கோப்பை அழிக்கத் திறந்தாள். பூனைகளுக்குக் கீழே ஒரு மனிதரின் பெயர் இருந்தது. நோயாளிகள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினாள். பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: இறந்தார், 4.35.

அதற்குப் பிறகு அவள் செய்தவை வரிசையாக: புரோகிராமை நிறுத்தினாள். புது விண்டோ திறந்து அதிலிருந்து கிளப்பினாள். கோப்பை அழித்தாள். பழைய விண்டோவை மூடினாள்.

"கோப்பை ஏன்க்கா அழிச்சே?"

"தினமும் அழிப்பேன்ல. கை தானா போச்சு."

(இந்த வாக்கியத்தை நான் நம்பவில்லை. நம்பாததை நம்பியதுபோல் எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்த இடத்தில் அது கைகொடுக்கவில்லை. கை தானாகத்தான் போனதா என்பது அவளுக்கே தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.)

5

விசாரணைக் குழு பதிவேட்டின் நகலைக் கேட்டது. அக்காதான் அச்செடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் மாடியில் அன்று பணியிலிருந்த நர்ஸ், பத்தொன்பது வருட அனுபவம் உள்ளவர், போன் அடிக்கவே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அனுப்பப்பட்டது என்று கம்ப்யூட்டர் சொல்லும்போது அவர் பேச்சு எடுபடுமா? அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கடைசி விசாரணை வருகிற வியாழக்கிழமை.

என்னைத் தவிர அக்கா தன் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "நீ சொன்னா போன மனுஷன் எழுந்து வந்துடுவாரா?" என்று கேட்டாராம் மாமா. கெட்டவர் அல்ல அவர். பயந்துபோயிருக்கிறார்.

6

இனி வருவது அக்கா சொன்னதல்ல. நர்ஸ் பாத்திரம் என் காகிதத்தில் உயிரில்லாமல் நின்றது. அதனால் அவரைப் பார்க்கப் போனேன். மருத்துவமனை வேலையை வைத்துக் கதை எழுதுகிறேன் என்றேன். பொய் இல்லை பாருங்கள்.

சிறிய வீடு. சீருடைகள் துவைத்துத் தேய்த்து நாற்காலியில் அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றார்.

"சிஸ்டர், அன்னிக்கு மணி அடிக்கலைன்னு சொன்னீங்களாமே?"

"ஆமாம்மா, சொன்னேன். முதல் வாரம் பூரா அப்படித்தான் சொன்னேன்." மேலே இருந்த சீருடையின் காலரை நீவிக்கொண்டிருந்தார். "இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பன்னிரண்டாம் பெட் பாட்டியைத் திருப்பிப் படுக்க வெச்சிட்டிருந்தேன். அப்ப அடிச்சிருக்குமோ? காதுல விழுந்தும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேனோ? யோசிக்க யோசிக்க மணிச் சத்தம் கேக்குதும்மா. நிஜமாவே கேக்குது. அந்த ஆளோட பொண்ணு என்னைப் பாத்த பார்வை..." அடியிலிருந்த சீருடையை எடுத்து மேலே வைத்தார். "வியாழக்கிழமை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். நன்றி சொன்னேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைத்தேன். என் அக்காவைப் பற்றி எழுத இதற்குமேல் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அக்கா விசாரணை அறையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். இரண்டு பக்கம். எழுதும்போது நானே அழுதேன். அக்கா படித்துவிட்டு, "நல்லா இருக்கு. யாருடி இவ?" என்றாள்.

இரண்டு: அக்கா வாயைத் திறக்கவில்லை, நர்ஸ் கையெழுத்துப் போடுகிறார். இதை எழுத எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஓரிடத்திலும் பேனா நிற்கவில்லை என்பதே பயமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

மூன்று: அக்கா சொல்கிறாள். ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். கோப்பு இல்லை, விண்டோ இல்லை. கூட வேலை செய்கிறவரைக் காப்பாற்றப் பார்க்கிறாள், நல்ல மனசு என்று சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்கள். இது

முடிக்கவில்லை.

நர்ஸ் சொன்னதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். மணிச் சத்தம் கேக்குதும்மா என்ற இடம் வந்ததும், "போதும், நிறுத்து" என்றாள். இன்று புதன்கிழமை. அக்கா பேசுவாளா என்று எனக்குத் தெரியாது, அவளுக்காக நான் எழுதியும் வைக்கப்போவதில்லை. அந்த முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மனசுக்கு எது நடக்கும் என்று படுகிறதோ அதை. கதைதானே என்று மூடி வைத்தாலும் சரி.

ஒன்றே ஒன்றை மட்டும் என்னால் உங்களிடம் விட முடியாது. இந்தக் காகிதங்களை மடித்து உறையில் போட்டுவிட்டேன். அந்தச் சிறிய வீடு இருக்கும் தெரு எனக்குத் தெரியும், விடிந்ததும் போகிறேன். சிஸ்டர், நேற்று உங்கள் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவள்தான் எழுதுகிறேன். இதில் மற்றதையெல்லாம் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று மதியம் உங்கள் மேசையில் போன் அடிக்கவில்லை.