வானத்துல ஏது வளைவு

“அம்பது நிமிஷம்தான்க்கா, போன்லயே போட்டிருக்கு” என்று தம்பி சொன்னதை நம்பித்தான், அவன் வந்ததும் அம்மாவை அனுப்பிவிடுகிறேன் என்று டாக்டரம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்து அறை வாசலில் நிற்கிறது. அம்மாவோ மகன் முகத்தைப் பார்க்காமல் அசையமாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

“மத்தியானம் வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல தள்ளினா உயிருக்கு ஆபத்து” என்றார் டாக்டரம்மா.

தம்பி மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் லாரி ஓட்டுகிறான். சாலையில் வந்தால் ஒரு நாள் போய்விடும். அங்கே ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது, எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் பிறந்ததிலிருந்து விமானம் ஏறாதவன் ஏறக் கிளம்பினான். நானும் போனில் பார்த்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே நேராக ஒரு கோடு, கீழே தூரம், அதற்குக் கீழே ஐம்பது நிமிடம். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாததால் அவள் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

அவன் மறுபடி கூப்பிட்டபோது வராந்தாவுக்கு ஓடினேன்.

“அக்கா, இங்கேருந்து நம்ம ஊருக்கு ஃபிளைட்டே கிடையாதாம்.”

“அப்ப அம்பது நிமிஷம்னு போட்டிருக்கே?”

“தூரத்தை வச்சுக் கணக்குப் போட்டிருக்காங்களாம். பறந்தா அவ்வளவு நேரமாம். பறக்கத்தான் எதுவும் இல்லையாம். வேற ஊர் போய் மாறி வரணும். நாளைக்குத்தான் வந்து சேருவேன்.”

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் தையல்காரி. அளவு இருக்கிறது, துணி இல்லை என்றால் என்னத்தைத் தைப்பேன்? யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. மேப்பில் விரல் வைத்து அளப்பவர்களைக் கண்டாலே தம்பிக்கு இளக்காரம். ‘விரல் நேரா போகும், ரோடு போகுமா?’ என்று கேட்பான். அவனா ஏமாந்தான்?

“வானத்துல ஏது வளைவுன்னு நெனச்சிட்டேன்க்கா” என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அம்மா பார்த்துவிடுவாளே.

உள்ளே வந்தேன்.

“ஏறிட்டானா?” என்றாள் அம்மா.

போனைப் பார்த்தேன். அது இன்னமும் ஐம்பது நிமிடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஏறிட்டான்மா.”

அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“மேல போயிட்டா போன் பேச முடியாதில்ல?”

“முடியாதும்மா.”

“பாவம், பயந்துக்கிட்டு உக்காந்திருப்பான். அவன் இறங்கறதுக்குள்ள நானும் வெளியே வந்துடறேன்” என்று கம்பியை விட்டாள். நர்ஸ்கள் அவளைத் தூக்கித் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். நான் கூடவே நடந்தேன்.

தியேட்டர் கதவு திறந்தபோது என் கையில் போன் அடித்தது. திரை முழுக்கத் தம்பியின் முகம். அம்மா தலையைத் திருப்பி, கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கி, அந்த வெளிச்சத்தையே பார்த்தபடி உள்ளே போனாள்.