இரு பக்கமும் தட்டிப் பார்த்தல் வேண்டும்

1

இது கதையாகப் பிறந்ததன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலைப்பாதையில் ஓட்டத்தக்க கார்பன் சைக்கிளைக் குறைந்த செலவில் அமைத்துக்கொள்வது எவ்வாறு என்று ஓர் இதழாசிரியர் கட்டுரை கேட்டிருந்தார். "முதலில் ஃபிரேமின் அளவு உடலுக்குப் பொருந்த வேண்டும், எடையும் விலையும் அதன் பின்னரே" என்று தொடங்கினேன். குற்றமற்ற வாக்கியம். "பிரேக்கிலும் டயரிலும் சிக்கனம் கூடாது, கியர் சென்ற ஆண்டின் மாதிரியாயினும் இழுக்கில்லை" என்று தொடர்ந்தேன். அதுவும் குற்றமற்றதே. மூன்றாவதில் வழுக்கி விழுந்தேன்:

"பிறர் ஓட்டிய கார்பன் ஃபிரேமை வாங்குவோர், அதனை ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் கண்ட இடத்தில் ஓசை மந்தப்படும்."*

தட்டுகிறவனுக்குக் காது கேளாதெனின்?

கட்டுரை அவ்விடத்திலேயே நின்றுபோயிற்று. (இதழாசிரியர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.)

* இரும்பு அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் அப்படியன்று. மேற்பூச்சு பளபளவென்றிருக்கும், உள்ளே இழைகள் பிரிந்திருக்கும், ஒருநாள் ஓட்டுகிறவரின் எடை தாளாமல் சட்டென முறியும்.

2

முதல் தொடக்கம்: "மரம் அறுக்கும் பட்டறையில் வாள் கிறீச்சிட்டுச் சுழன்றது. அவன் பலகையைத் தள்ளிக்கொண்டே"

[நிறுத்திவிட்டேன். அந்தக் கிறீச்சொலியை அவன் கேட்டு நெடுங்காலமாயிற்று. அவன் கேளாத ஒன்றை அவன் கதையின் வாயிலில் வைப்பது முறையன்று.]

ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறேன். கதை முழுவதும் அவன் தோளருகே நிற்பேன். அவன் கேட்பது எனக்குக் கேட்கும். அவன் கேளாதது எனக்கும் கேளாது.

இரண்டாம் தொடக்கம்: "எதிரே நின்று பேசுவோரின் உதடுகளைப் படித்தே அவன் காலம் தள்ளினான். முதுகுக்குப் பின்னால் எழும் குரல் சொல்லில்லா முனகலாகவே எட்டும். யார் என்ன சொன்னாலும், 'ஆமாமா' என்று சொல்லி வைத்தான்." இது இருக்கட்டும்.

3

அவனுக்கு ஒரு தங்கை. மலைச்சரிவில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவள். பந்தயத்தில் அவள் ஏறிச்செல்லும் வண்டியின் ஒவ்வொரு திருகும் அண்ணன் கைபட்டது. வேறொருவரைத் தொடவிட மாட்டாள்.

தன் காதைப் பற்றி அவன் அவளிடம் மூச்சு விடவில்லை. காரணம் நாணமன்று. சேர்த்து வைத்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். அதில் சைக்கிள் வாங்கலாம், அல்லது காதுக்கருவி வாங்கலாம். தெரிந்தால் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பது அவனுக்குத் தெரியும்.

சமையலறை மேசையில் இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தனர்.

"அண்ணே, சக்கரமும் கார்பன்லயே போட்டுடலாமா?"

"கழுதை, ஆசைக்கு ஒரு அளவு வேணாமா? சக்கரம் அலுமினியம் போதும். ஃபிரேம் பழசா எடுப்போம். மிச்சத்துல நல்ல டிஸ்க் பிரேக் போடுறேன்."

"அப்போ நான் வேகமா போகக்கூடாது?"

"போயேன். நிக்கவும் தெரியணும்ல."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்பின் பக்கம் திரும்பினாள். அவள் தோள் அசைந்தது. ஏதோ சொல்கிறாள்.

"ஆமாமா" என்றான்.

அவள் கரண்டியுடன் திரும்பினாள். "என்னத்த ஆமாமா? உப்பு கூடவா குறைச்சலான்னு கேட்டேன்."

"உன் சமையல்ல ரெண்டும்தான்."

கரண்டியால் தலையில் ஒன்று வைத்தாள். அவன் தப்பித்துவிட்டான். இப்படித்தான் அவன் நாள்தோறும் தப்பித்துக்கொண்டிருந்தான்.

4

ஃபிரேமை விற்றவர் ஒரு முன்னாள் சைக்கிள் பந்தயக்காரர். முழங்கால் போனதால் பந்தயத்தை விட்டவர். (முழங்கால் எப்படிப் போயிற்று என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கும்படி எழுதிப் பார்த்தேன். அவன் கேட்கிற ஆள் அல்லன். கேட்டால் பதிலையும் அல்லவா கேட்க வேண்டும்?)

"குழந்தை மாதிரி வச்சிருந்தேங்க" என்றார் அவர். அளவு தங்கைக்குக் கச்சிதம். கீறலில்லை. ஒற்றை விரலில் தூக்கலாம்.

அப்போது அவர் மனைவி உள்ளறை வாயிலில் நின்று, தலைமுடியைத் துவட்டியபடி,

"………………………………"

என்றாள். துவட்டிய துண்டு வாயை மறைத்திருந்தது. விற்றவர் முகம் கறுத்துத் தரையைப் பார்த்தார். அறையில் ஏதோ ஒன்று விடைக்காகக் காத்திருப்பதை அவன் உணர்ந்தான்.

"ஆமாமா" என்றான். "பரவாயில்லை."

விற்றவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் கேளாமலேயே விலையைக் குறைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றார்.

இக்காலத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று வியந்தபடி அவன் படியிறங்கினான்.

[அவள் என்ன சொன்னாள் என்று கேளாதீர்கள். ஒப்பந்தத்தை நினைவுபடுத்துகிறேன்.]

5

முடிவுகள்.

(அ) தங்கை நாணயத்தை வாங்கித் தானே தட்டுகிறாள், முகம் மாறுகிறது, அண்ணனையும் ஃபிரேமையும் மாறி மாறிப் பார்க்கிறாள். — என் விருப்பம் இதுவே. ஆயினும் நாணயத்தை அவள் கையில் தர அவனுக்கு என்ன காரணம்? ஒன்றும் அகப்படவில்லை.

(ஆ) மலைச்சரிவு. கற்கள். மூன்றாவது வளைவில் அவள்

இதனை எழுதேன்.

நடந்தது வரை சொல்லிவிடுகிறேன். முன்னறையில் இரண்டு நாற்காலிகளின் மேல் ஃபிரேமைக் கிடத்தினான். தட்டத் தொடங்கினான். பெடல் பொருந்தும் அடிப்பாகத்தில் எப்போதுமே ஓசை மந்தமாகத்தான் இருக்கும். அங்கே கனம் அதிகம். ஆகையால் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் அதே இடத்தில் ஒரு தட்டு என ஒப்பிட வேண்டும் என்பதை அவன் அறிவான். ஒப்பிட்டான். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எல்லாமே அவனுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.

இவ்வொரு முறை ஒப்பந்தத்தை மீறுகிறேன், மன்னிக்க. அவனை விட்டகன்று சமையலறைக்குள் போய் நின்றேன். தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு குரலெடுத்தாள்:

"என்னண்ணே, ரெண்டு சைக்கிளா வாங்கியிருக்க? ஒரு பக்கம் தட்டினா கண்ணாடி கணக்கா கேக்குது, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கணக்கா கேக்குது!"

முன்னறையிலிருந்து உடனே விடை வந்தது:

"ஆமாமா!"

அவள் சிரித்தாள். அண்ணனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அண்ணனுக்குத் தெரியாததா? குழாயைத் திறந்துவிட்டாள்.

நான் அவன் தோளருகே திரும்பி வந்துவிட்டேன். இங்கே அமைதி. நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதிய பிரேக்கை உறையிலிருந்து எடுக்கிறான். விலை கூடுதலாயினும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

கேட்டவர் இருவர்: அவளும் நீங்களும். அவள் அதனை வேடிக்கையென்று விட்டுவிட்டாள். அவன் கையில் திருகு இருக்கிறது, இன்னும் முடுக்கவில்லை. சொல்வதானால் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லாதீர்கள். அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்று சொல்லுங்கள்.